சிட்டுவின் வலது கண்

ஜூன் 17

இன்று மை எரித்தேன். இந்த வீட்டில் மை எரித்து முப்பத்தோரு வருஷம் ஆகிறது. கடைசியாக எரித்தது அம்மா, தம்பி வேலுவுக்காக. நான் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் விசிறாமல் பார்த்துக்கொண்டேன். விசிறினால் கரி பறந்துவிடும்.

மூன்று நாளாக வெள்ளைத் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைப்பதும் நிழலில் காயவைப்பதுமாக இருந்தேன். இன்று அதைத் திரியாகச் சுருட்டி அகலில் விளக்கெண்ணெய் விட்டு ஏற்றினேன். இரண்டு பக்கமும் செங்கல், மேலே கவிழ்த்த செம்புத் தட்டு. முற்பகல் பூராவும் எரிந்ததில் வழித்தெடுத்த கரி அரை ஸ்பூன்கூடத் தேறவில்லை. எண்ணெய் விட்டுக் குழைத்து அம்மாவின் பித்தளைச் சிமிழில் வைத்திருக்கிறேன்.

யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். அங்கன்வாடி டீச்சர் ராஜகனி, மாதாமாதம் தாய்மார்களை உட்காரவைத்து, "கண்ணுக்குள்ள மை போடாதீங்கம்மா" என்று பாடம் நடத்துகிறவள். என் மையத்துச் சுவரில் ஆறு கட்டம் போட்ட படமே ஒட்டியிருக்கிறது. பிள்ளைக் கண்ணில் மை போடாதே, தாய்ப்பால் விடாதே, பீளை கட்டினால் நர்ஸிடம் போ, கருமணிக்குள் வெள்ளை தெரிந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. குச்சி வைத்து ஒவ்வொரு கட்டமாகக் காட்டுவேன். நாளைக்கு ஒரு நாள் அந்த டீச்சருக்கு லீவு.

எங்கள் குடும்பத்தில் பதினாறாம் நாள் பிள்ளைக்கு முதல் மை அத்தை போடவேண்டும். வேலுவின் மகளுக்கு அத்தை நான் ஒருத்திதான். ஒன்பது வருஷம் வாழ்ந்து, பிள்ளை இல்லையென்று திருப்பி அனுப்பிவைக்கப்பட்ட அத்தை. நாளைக்கு என்ன சொல்வார்களோ.

ஜூன் 18

சொன்னார்கள். அடுப்படியில் எனக்குக் கேட்கும்படி மெதுவாகப் பேசினாள் வடிவு பெரியம்மா. தாயில்லாத தங்கை மகள் சுகந்தியை வளர்த்து வேலுவுக்குக் கட்டிக்கொடுத்தவள், அதனால் இந்த வீட்டில் அவள் வார்த்தைக்கு எடை அதிகம். பிள்ளை பெற்ற கையாக இருந்தால் நல்லது, எதிர் வீட்டு சரோஜா போடட்டுமே என்றாள். வேலு தரையைப் பார்த்தான். இப்படிப்பட்ட நேரத்திலெல்லாம் அவனுக்குத் தரையில் ஏதாவது கிடக்கும்.

சுகந்திதான் எழுந்தாள். தையல் போட்ட வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தாள்.

"மதினி, நீங்க போடுங்க. இவளுக்கு அத்தை நீங்கதான்."

நான் சிமிழைத் திறந்தேன். வலது கண், பிறகு இடது கண். நெற்றியில் ஒரு பொட்டு, கன்னத்தில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று. பிள்ளை அழவேயில்லை. அழுதது நான்தான். சாம்பிராணிப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

சுகந்தி நல்லவள். இதை எழுதி வைக்கிறேன்.

ஜூன் 30

பெயர் வைத்தாயிற்று. தன்விகா. ஜோசியர் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்த எழுத்தாம். என் வாயில் அது நுழைகிற வழியாக இல்லை. எனக்கு அவள் சிட்டு.

ஜூலை 9

நான்கு நாளாகச் சிட்டுவுக்கு இரண்டு கண்ணிலும் பீளை. காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது. வடிவு பெரியம்மா சொன்னாள் என்று சுகந்தி தாய்ப்பாலைப் பீய்ச்சி விட்டிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பாலை விட்டால் கிருமிக்கு விருந்து வைத்த மாதிரி என்று கத்திவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து மூக்குப் பக்கமிருந்து காதுப் பக்கமாகத் துடைத்துவிட்டு, கையோடு நர்ஸிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

நர்ஸ் பிள்ளையைப் பார்த்தாள், இமையோரத்துக் கறுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "டீச்சர், நீங்களே இப்பிடிச் செய்யலாமா?" என்றாள். வரிசையில் நின்ற தாய்மார்களில் மூன்று பேர் என் மையத்துக்கு வருகிறவர்கள். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

சொட்டு மருந்து ஒரு வாரத்துக்கு.

ஜூலை 10

வடிவு பெரியம்மா வந்தாள். பால் விட்டதைப் பற்றிப் பேச்சே இல்லை. "அப்பவே சொன்னேன், அந்தக் கை வேண்டாம்னு" என்றாள். இந்தத் தடவை மெதுவாகக்கூடப் பேசவில்லை.

ஜூலை 17

கண் சுத்தமாகிவிட்டது. சுகந்தி காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டித் துவட்டி, சிமிழையும் எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். கண்ணுக்குள் வேண்டாம், இமைக்கு மேலே மட்டும் லேசாக இழுத்துவிடுங்கள், நிறுத்த வேண்டாம் என்றாள். பெரியம்மா பேச்சுக்குப் பதில் என்று புரிந்தது.

அதனால் காலை ஏழரை மணி என் வேளை. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே சிட்டுவைக் கிடத்திக்கொள்வேன். தலை என் பாதத்தில், முகம் எனக்கு நேரே. இவ்வளவு கிட்டத்தில் ஒரு மனுஷி முகத்தை நான் பார்த்ததில்லை. அவள் கண்ணுக்குள் என் தலை தெரியும், நரை உட்பட.

ஆகஸ்ட் 4

இன்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அம்மாவைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால். சுகந்தியிடம் சொல்லவில்லை. சாயங்காலம் அவளைப் பார்த்தும் சிரித்தாள். முதல் சிரிப்பு என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லட்டும்.

செப்டம்பர் 21

காலையிலிருந்து வானம் மூடாக்கு. கரண்ட்டும் இல்லை. மை போடும்போது சிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். வலது கண்ணில், கருமணிக்குள்ளே, வெள்ளையாக ஏதோ மின்னியது. பூனைக் கண்ணில் வெளிச்சம் பட்டால் மின்னுமே, அந்த மாதிரி. அவள் திரும்பியதும் போய்விட்டது.

ஜன்னலில் எவர்சில்வர் பால் தூக்கு இருந்தது. அதன் வெளிச்சமாக இருக்கும்.

செப்டம்பர் 22

தூக்கை எடுத்து வைத்துவிட்டுப் பார்த்தேன். நல்ல வெயில். ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 24

இருக்கிறது. நேரே பார்த்தால் தெரியவில்லை. கொஞ்சம் பக்கவாட்டில், வெளிச்சம் குறைவாக இருக்கும்போது தெரிகிறது. வலது கண்ணில் மட்டும். இடது கண் நல்ல கறுப்பு.

ஜன்னல் காற்று பிள்ளைக்கு ஆகாது. நாளையிலிருந்து உள்ளறைச் சுவரோரம் உட்கார்ந்து மை போடலாம் என்றிருக்கிறேன்.

செப்டம்பர் 25

மையத்துக்கு முட்டை வந்தது. இரண்டு உடைசல். சத்துமாவு மூட்டை ஒன்றில் வண்டு, திருப்பி அனுப்பச் சொன்னேன். சுவரில் காலண்டரை இடம் மாற்றி மாட்டினேன். ஆறு கட்டப் படம் இருக்கும் இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்து பார்க்கச் சகிக்கவில்லை. காலண்டர் அதை நன்றாக மறைக்கிறது.

அக்டோபர் 6

சுகந்தியிடம் இன்று சொல்லிவிடுவதாக இருந்தேன். காலையில் தோசை ஊற்றும்போதே மனசுக்குள் வார்த்தையை அடுக்கிவிட்டேன். "சுகந்தி, பிள்ளை கண்ணை ஒருதரம் மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டிட்டு வந்துருவோம்." இவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.

வடிவு பெரியம்மா வந்துவிட்டாள். வந்ததும் பிள்ளையைத் தூக்கி, இளைத்துவிட்டதே என்றாள். இளைக்கவில்லை, நான் வாராவாரம் எடை போடுகிறேன், ஆறு கிலோ நூறு. ஏக்கத்தோடு பார்க்கிற கண் ஒன்று வீட்டுக்குள்ளேயே இருந்தால் பிள்ளை எப்படித் தேறும் என்று உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டாள். சுகந்தி என் முகத்தைப் பார்க்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை பதில் சொல்லவில்லை.

பீளைக்கே அந்தப் பேச்சு. இதைச் சொன்னால் முதலில் கேட்பது மையைத்தான். அப்புறம் அந்தக் கையை. பிள்ளையை என்னிடம் தரமாட்டார்கள்.

மையால்தான் வந்ததோ என்றும் இருக்கிறது. அப்படி வராது என்றுதான் படித்திருக்கிறேன். ஆனாலும் இருக்கிறது.

தானாகச் சரியாகிவிடும். பிள்ளைகளுக்கு எத்தனையோ வந்து போகிறது.

அக்டோபர் 19

மையத்துக்கு டாக்டர் குழு வந்தது. வருஷத்துக்கு ஒருதரம் வருவார்கள். பல், காது, கண் எல்லாம் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். சுகந்தி நேற்றே கேட்டாள், சிட்டுவையும் தூக்கி வரட்டுமா என்று. காலையில் பிள்ளை இரண்டு தும்மல் தும்மியது. சளி பிடிக்கிற மாதிரி இருக்கிறது, கூட்டத்தில் வேண்டாம் என்றேன். நான் சொன்னால் அவள் கேட்பாள். பிள்ளை விஷயத்தில் மதினிக்குத்தான் எல்லாம் தெரியும் என்பாள்.

முப்பத்திரண்டு பிள்ளைகளைப் பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் இல்லை. டாக்டர் எங்கள் மையம் சுத்தமாக இருக்கிறதென்று பாராட்டினார்.

நவம்பர் 14

வலது கண் கொஞ்சம் வெளிப்பக்கம் போகிறது. வேலு மில்லிலிருந்து வந்ததும் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டான். மாறுகண் அதிர்ஷ்டமாம். ஆமாம் என்று நானும் சொன்னேன். சொன்ன வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை.

டிசம்பர் 12

இன்று வெயிலிலும் தெரிந்தது.

டிசம்பர் 13

மையைக் கொஞ்சம் கனமாக இழுக்கிறேன். கண்ணைச் சுற்றிக் கறுப்பு அதிகமாக இருந்தால் உள்ளே பார்வை போகாது. எதிர் வீட்டு சரோஜா, என்ன டீச்சர், பிள்ளையைக் கதகளிக்கு அனுப்பப் போறீங்களா என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜனவரி 28

குலதெய்வம் கோயிலில் சிட்டுவுக்கு மொட்டையும் காதுகுத்தும். தாய்மாமன் முறைக்கு வடிவு பெரியம்மா மகன் மடியில் வைத்துக்கொண்டான். போட்டோகிராபரிடம் ஃபிளாஷ் போடவேண்டாம், பச்சைப் பிள்ளைக்கு ஆகாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். மரத்தடி இருட்டு, ஃபிளாஷ் இல்லாமல் விழாது என்றான். ஒவ்வொரு தடவை ஃபிளாஷ் மின்னும்போதும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிள்ளை காது குத்தும்போதுகூட அவ்வளவு அழவில்லை. மொட்டைத் தலையும் பெரிய பொட்டுமாக, என் கண்ணே பட்டுவிடும்போல இருந்தாள். இந்த வார்த்தையை எழுதியிருக்கக் கூடாது.

பிப்ரவரி 4

போட்டோ தேர்ந்தெடுக்க நானே போகிறேன் என்று கிளம்பிப் போனேன். ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் பெரிது. சிட்டு முகம் ஒரு முழம் இருந்தது. எல்லாப் படத்திலும் வலது கண்ணில் வெள்ளை வட்டம். ஒன்று, இரண்டு அல்ல. பதினேழு படம், எண்ணினேன்.

அந்தப் பையன் சாதாரணமாகக் கேட்டான். "அக்கா, ஒரு கண்ணுல மட்டும் லைட் அடிச்சிருக்கு. கறுப்பு பண்ணிடவா?"

சரி என்றேன்.

மவுஸைக் கையில் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினான். போய்விட்டது. அடுத்த படம், அடுத்த படம். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பதினேழும் முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் வாந்தி எடுத்தேன். காலையில் சாப்பிடாமல் போனதால் இருக்கும்.

இல்லை. அதனால் இல்லை.

பிப்ரவரி 15

சுகந்தி கண்டுபிடித்துவிட்டாள்.

துண்டை முகத்தில் போட்டு எடுத்து விளையாட்டுக் காட்டியிருக்கிறாள். துண்டு நழுவி இடது கண்ணை மட்டும் மறைத்திருக்கிறது. உடனே பிள்ளை பயந்து கையை நீட்டித் துழாவியதாம். வலது கண்ணை மறைத்தால் ஒன்றும் இல்லையாம், தன் பாட்டுக்குச் சிரிக்கிறாளாம். நாலு தடவை செய்து பார்த்திருக்கிறாள். நான் மையத்திலிருந்து வந்ததும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எனக்கும் செய்து காட்டினாள். நானும் புதிதாகப் பார்க்கிறவள்போலப் பார்த்தேன்.

பிறகு ஜன்னல் பக்கம் திருப்பிக் குனிந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "மதினி, உள்ள வெள்ளையா ஏதோ இருக்கே. பாருங்களேன்" என்றாள். அவள் குரல் அவள் குரலாகவே இல்லை.

பார்த்தேன். ஆமாம் என்றேன். நாளை மறுநாள் மதுரைக்குப் போகிறோம்.

பிப்ரவரி 17

மதுரை. கண் ஆஸ்பத்திரி. காலை ஏழு மணிக்குப் போனவர்களை மதியம் இரண்டு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் பார்த்த சின்ன டாக்டர் பிள்ளையின் இமையைப் பார்த்துவிட்டு, யார் மை போடுவது என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். வடிவு பெரியம்மா என்னைப் பார்த்தாள். வேலு என்னைப் பார்த்தான். வராந்தாவுக்கு வந்ததும், நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில், என் தம்பி வாயைத் திறந்தான்.

"அன்னிக்கே பெரியம்மா சொன்னாக. நான்தான் கேக்கல. உன் மை என் பிள்ளை கண்ணைத் தின்னுருச்சு."

நான் தலை குனிந்து நின்றேன். அவமானமாக இருந்தது என்று எழுதினால் பொய். ஒருவிதமான ஆறுதலாக இருந்தது. மைதான் என்று அவர்கள் நினைக்கட்டும், அதோடு முடிந்துபோகட்டும் என்று இருந்தது. சுகந்தி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரில் இருந்த விளம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய டாக்டர் ஐம்பது வயதுப் பெண். பிள்ளைக்கு மயக்கம் கொடுத்துப் பார்த்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார். கண்ணுக்குள்ளே கட்டி என்றார். விழித்திரையில் வருகிற புற்று. பிள்ளைகளுக்கு வருவதுதான், பிறக்கும்போதே விதை இருந்திருக்கும்.

வேலு மையைப் பற்றிக் கேட்டான். டாக்டர் தலையை ஆட்டினார். மை போடக்கூடாது, அது வேறு விஷயம், ஆனால் மைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, யாரும் யாரையும் குற்றம் சொல்லவேண்டாம் என்றார்.

பிறகு பேனாவை எடுத்து, "வெள்ளையாத் தெரியுதுன்னு முதல்ல எப்பப் பாத்தீங்க?" என்று கேட்டார்.

சுகந்தி, முந்தாநாள் என்றாள்.

அதற்கு முன்னால் யாரும் பார்க்கவில்லையா, போட்டோவில்கூடவா, என்றார். போட்டோவில் கண் நன்றாகக் கறுப்பாக இருந்தது மேடம் என்று சுகந்தி சொன்னாள். ஆல்பத்தைத் தினம் பார்க்கிறவள் அவள்.

டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார். கட்டி கண் முழுக்க நிறைந்துவிட்டது. நரம்பு வழியாக மூளைக்குப் போவதற்கு முன்னால் கண்ணை எடுத்தாகவேண்டும். நாலைந்து மாசம் முன்னால் கொண்டு வந்திருந்தால் மருந்திலும் லேசரிலும் கண்ணைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம். அடுத்த வாரமே ஆபரேஷன்.

செப்டம்பர் இருபத்தொன்று. அறைக்குள் எனக்கு அந்தத் தேதி மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஐந்து மாசத்துக்கு நாலு நாள் குறைவு. வாயைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 18

வேலு என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். தப்பாகப் பேசிவிட்டேன் அக்கா என்று தேம்பினான். அவன் சின்னதில் அழுததைத் தவிர நான் பார்த்ததில்லை. வடிவு பெரியம்மா தன் கையால் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். மனசுல வச்சுக்காத தாயீ என்றாள்.

இந்த வீட்டுக்குத் திரும்பி வந்து எட்டு வருஷமாக இந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன். அந்தச் சோற்றைத் தின்றேன். இதைவிட அவர்கள் என்னை அடித்திருக்கலாம்.

பிப்ரவரி 24

கண்ணை எடுத்துவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம். கட்டுப் போட்டு வெளியே கொண்டு வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தாள். விரல் சூப்பினாள்.

மார்ச் 6

பரிசோதனை முடிவு வந்தது. நரம்புக்குப் போகவில்லை. உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். இடது கண் இப்போதைக்குச் சுத்தம். ஆனால் அதிலும் வரலாம். மாசாமாசம் மயக்கம் கொடுத்துப் பார்க்கவேண்டும், வீட்டிலும் தினம் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து எழுதி வைக்கவேண்டும். ஒரு நாள் சந்தேகம் என்றாலும் உடனே வரவேண்டும்.

யார் பார்ப்பீர்கள் என்று கேட்டார். சுகந்தி யோசிக்கவேயில்லை. "எங்க மதினி பாப்பாக. பிள்ளை கண்ணை அவுக அளவுக்கு யாரும் பாத்ததில்ல மேடம்" என்றாள்.

மார்ச் 19

கட்டைப் பிரித்து நாளாகிறது. பள்ளமாக, சிவப்பாக இருக்கிறது. சுகந்தி துடைத்து மருந்து விடுகிறாள். அவளுக்குக் கை நடுங்குவதில்லை. நான் இடது கண்ணைப் பார்த்து, "தெளிவு" என்று சொல்கிறேன். அவள் ஒவ்வொரு தடவையும் நம்புகிறாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையில் தேதி போட்டு எழுதுகிறேன். தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் இல்லையென்றாலும் நான் தெளிவு என்றுதான் சொல்வேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது.

மார்ச் 27

மையத்தில் காலண்டரைக் கழற்றி அதன் பழைய ஆணியிலேயே மாட்டினேன். படம் அப்படியே இருந்தது. நாலாவது கட்டம். சுண்ணாம்பு ஒன்றும் உதிரவில்லை.

ஏப்ரல் 11

செயற்கைக் கண் வைத்தார்கள். தேடிப் பிடித்து நிறம் சேர்த்திருக்கிறார்கள். வேலு, எது நிஜம் என்றே தெரியவில்லையே என்று சந்தோஷப்பட்டான். தெரிகிறது. அது என்னைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 12

காலை ஏழரை. குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டு சுகந்தி வந்தாள். ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் அம்மாவின் பித்தளைச் சிமிழ். இரண்டு மாசமாக அதை யாரும் தொடவில்லை.

இமைக்கு மேலே லேசாகப் போட்டுவிடுங்கள், இரண்டு கண்ணும் ஒன்றுபோலத் தெரியும் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல அவரு பேசும்போது நான் குறுக்க பேசியிருக்கணும் மதினி. ஒரு நிமிஷம் நானும் மைதான்னு நெனச்சிட்டேன். என்னை மன்னிச்சிருங்க" என்றாள்.

பிள்ளையை என் காலில் கிடத்தினாள். நான் சிமிழைத் திறந்தேன். விரலில் எடுத்தேன். சிட்டு ஒரு கண்ணால் என்னைப் பார்த்துச் சிரித்தாள். போட முடியவில்லை. விரலைச் சேலையில் துடைத்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று எழுந்து போய்விட்டேன்.

ஏப்ரல் 13

பெட்டியிலிருந்து இந்த நோட்டை எடுத்து முதலிலிருந்து படித்தேன். வெட்கமாக இருக்கிறது. கிழித்துவிடலாம் என்று செப்டம்பர் பக்கத்தைப் பிடித்தும் பார்த்தேன்.

கிழிக்கவில்லை. பக்க முனையை மடித்து வைத்திருக்கிறேன். செப்டம்பர் 21, 24, 25. அக்டோபர் 6, 19. டிசம்பர் 12, 13. பிப்ரவரி 4. சுகந்தி தேட வேண்டாம்.

நான் பயந்தேன் சுகந்தி. பிள்ளைக்குப் பயப்படவில்லை, எனக்குப் பயந்தேன். உன் மகள் கண்ணைவிட அவளை மடியில் வைத்துக்கொள்கிற அந்தக் கால் மணி நேரம் எனக்குப் பெரிதாக இருந்தது. டாக்டர் கேட்டபோது சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் முன்னால், முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். மை என் கையிலிருந்து போனாலும் கண் அவளுக்கு இருந்திருக்கும்.

அவள் துணி காயப்போட்டுவிட்டு வந்ததும் கொடுத்துவிடுவேன்.

ஏப்ரல் 17

நான்கு நாள் சுகந்தி என்னிடம் பேசவில்லை. சோறு வைத்தாள். தண்ணீர் வைத்தாள். பிள்ளை என்னைப் பார்த்துக் கை நீட்டினால் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வேலு, ரெண்டு பேருக்கும் என்ன சண்டை என்று கேட்டான். அவள் ஒன்றுமில்லை என்றாள். அவனிடம் சொல்லவில்லை என்று தெரிந்தது. நான் துணிமணியை எடுத்துப் பையில் வைத்துவிட்டேன். எங்கே போவது என்று யோசிக்கவில்லை.

இன்று சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. நோட்டை என் முன்னால் தரையில் வைத்தாள். பக்கங்கள் எல்லாம் இருந்தன. மடித்த முனைகளை ஒவ்வொன்றாக நீவி நிமிர்த்தியிருந்தாள்.

"அவருகிட்ட எப்பச் சொல்லணுமோ அப்ப நான் சொல்லிக்கறேன். பையைப் பிரிங்க."

நான் எழுந்திருக்கப் போனேன். கிட்டே வராதே என்பதுபோலக் கையைக் காட்டினாள்.

"இனிமே இடது கண்ணை நான் பாக்கறேன். நீங்க அவளைத் தொட வேண்டாம். நான் பாத்துச் சொல்றதை நீங்க எழுதுங்க. உங்க வாயை என்னால நம்ப முடியாது. இந்த நோட்டுல மட்டுந்தான் தேதி தப்பாம எழுதியிருக்கீக."

ஏப்ரல் 18

காலை ஏழரை. சுகந்தி ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து சிட்டுவைக் கிடத்திக்கொண்டாள். நான் நோட்டோடு நிலைப்படிக்கு இந்தப் பக்கம்.

நான் பேனா மூடியைக் கழற்றிய சத்தத்துக்குச் சிட்டு என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். சுகந்தி அவள் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். நெடுநேரம் பார்த்தாள்.

"தெளிவா இருக்கு. எழுதுங்க" என்றாள்.

இடது கண், தெளிவு.